கடை ஏன் திறக்கவில்லை?

"ஏத்தா, நம்ம லேப்டாப்புல இருக்கிற கடை திறக்க மாட்டேங்குது. ஒரு நடை வந்து பார்க்கிறியா?"

திருவாதவூரிலிருந்து என் சித்தி போனில் இப்படிக் கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஊரில் ஒரு மளிகைக் கடை திறக்காவிட்டால் எதிர்க்கடைக்குப் போகலாம். அவசரமென்றால் பின்பக்கம் போய்க் கதவைத் தட்டலாம். லேப்டாப்புக்குள் இருக்கும் கடைக்கு எதிர்க்கடையும் கிடையாது. தட்டுவதற்குப் பின்கதவும் கிடையாது.

ஆனால் சித்தி அடுத்தாற்போல் சொன்ன விஷயம் என் சிரிப்பை நிறுத்திவிட்டது.

"டவுன்ல ஒரு ரிப்பேர்க் கடையில காட்டினேன். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடணும்னு சொல்லுறாக. அழிச்சா உங்க சித்தப்பா படமெல்லாமும் போயிருமாத்தா?"

சித்தப்பா 2021-ல் காலமானார். அவர் இருந்த நாளில் எடுத்த படங்கள், மகள் கல்யாணப் படங்கள், அவரே கணக்கு எழுதி வைத்திருந்த தாள்கள் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தன. வேறெங்கும் நகல் கிடையாது. அந்த லேப்டாப்பை இரண்டு வருஷமாகச் சித்தி பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். இப்போது அதை வெளியே எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதமாகிறது. சித்திக்கோ கண்ணில் புரை. செல்போனின் சின்னத் திரையில் பேரனின் முகம் ஒரு மஞ்சள் புள்ளியாகத்தான் தெரிகிறதாம். "லேப்டாப்பில் வாட்ஸ்அப் போட்டுக்கொள், அம்மா. பெரிய திரையில் பார்க்கலாம். அதிலேயே ஒரு கடை இருக்கிறது, அங்கே கிடைக்கும்" என்று மகள் சொல்லியிருக்கிறாள். அந்தக் கடைதான் திறக்கவில்லை.

"யாருகிட்டயும் கொடுக்காதீங்க, சித்தி. நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையில் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இதே போன்ற பெட்டி ஒன்று இருக்கும். என்றைக்காவது ஒருநாள் அதற்குள் இருக்கும் கடையும் திறக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அன்றைக்கு நீங்கள் கலங்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

அது என்ன கடை?

கம்ப்யூட்டருக்கு வேண்டிய செயலிகளை ஒரே இடத்தில் வைத்து வழங்குவதுதான் இந்தக் கடை. 2011 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கம்ப்யூட்டர்களுக்கு இப்படி ஒன்றைத் திறந்தது. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வெளிவந்தபோது அதனுள்ளேயே 'விண்டோஸ் ஸ்டோர்' என்ற கடையும் வந்தது. 2017-ல் அதற்கு 'மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்' என்று பெயர் மாறிற்று. நம் வீடுகளில் உள்ள பெரும்பாலான லேப்டாப்புகளில் இருப்பது இதுதான். திரையின் அடியில் ஒரு சின்னக் கைப்பையைப் போலப் படம் போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள்.

வழியில் கிடக்கும் பண்டத்தை எடுத்துத் தின்பதற்கும், தெரிந்த கடையில் பார்த்து வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இதிலும் உண்டு. கடையில் வைப்பதற்கு முன் செயலிகளைப் பரிசோதிக்கிறார்கள். ஆகையால் கண்ட இடத்தில் இறக்குவதைவிடக் கடையில் எடுப்பது பத்திரம். அப்படிப்பட்ட கடை திறக்காதபோதுதான் அவசரப்பட்டு வேறு வழிகளைத் தேடி நாம் வம்பில் மாட்டிக்கொள்கிறோம்.

சித்தி வீட்டில்

சித்தி லேப்டாப்பைத் துடைத்து, ஊஞ்சல் பலகையில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். காப்பி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். கைப்பைப் படத்தை அழுத்தினேன். ஒரு சதுரம் விரிந்தது. நடுவே சின்ன வட்டம் சுற்றிற்று, சுற்றிற்று, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஏதோ கோளாறு என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்.

இன்டர்நெட் வருகிறதா என்று பார்க்க, உலாவியைத் திறந்து ஒரு பத்திரிகையின் பக்கத்தைக் கேட்டேன். அதுவும் திறக்கவில்லை. ஆனால் அது ஊமையாக நிற்காமல் ஒரு சமாசாரம் சொல்லிற்று: 'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது.'

அப்போதுதான் திரையின் வலது கோடியைக் கவனித்தேன். அங்கே இருந்த தேதி, 2018 ஜனவரி 1!

"சித்தி, உங்க கடை நல்லாத்தான் இருக்கு. உங்க கடிகாரம்தான் நின்னு போச்சு" என்றேன்.

கடிகாரத்துக்கும் கடைக்கும் என்ன சம்பந்தம்?

கடிகாரம் பிசகினால் பஸ் தவறலாம், பால் தவறலாம். கடை ஏன் மூடிக்கொள்ள வேண்டும்?

நம் வீட்டு வாசலில் ஒருவர் வந்து, "நான் காஸ் கம்பெனி ஆள்" என்று சொன்னால், நாம் அடையாள அட்டையைக் காட்டச் சொல்கிறோம். இன்டர்நெட்டில் கம்ப்யூட்டரும் அதைத்தான் செய்கிறது. கடையோடு பேசத் தொடங்குமுன் "உன் அட்டையைக் காட்டு" என்று கேட்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சான்றிதழ் வருகிறது. அதில் பெயர் இருக்கும். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரைதான் செல்லும் என்று கெடுவும் இருக்கும்.

கெடு சரியா என்று பார்க்கக் கம்ப்யூட்டர் தன் கையிலுள்ள கடிகாரத்தைத்தான் பார்க்க முடியும். சித்தியின் கம்ப்யூட்டருக்கோ அன்று 2018-ம் வருஷத்துப் புத்தாண்டு! சில மாதங்களுக்கு முன் கொடுத்த சான்றிதழை அதனிடம் நீட்டினால், 'இந்தத் தேதி இன்னும் பிறக்கவேயில்லையே. இது போலி அட்டையாகத்தான் இருக்க வேண்டும்' என்று முடிவு செய்து கதவைச் சாத்திவிடுகிறது. அதன் மேல் தப்பு இல்லை. தன் எஜமானியைக் காப்பாற்றத்தான் அது அப்படிச் செய்கிறது.

இந்தச் சான்றிதழ்களின் ஆயுளும் வரவரக் குறைந்துகொண்டே போகிறது. 2020 செப்டம்பர் முதல் ஒரு சான்றிதழ் அதிகபட்சம் 398 நாள்தான் செல்லும் என்று ஏற்பட்டது. 2029-க்குள் அதைப் படிப்படியாக 47 நாளாகக் குறைப்பதென்று 2025-ல் முடிவு செய்திருக்கிறார்கள். எனவே, இனிமேல் கடிகாரம் பிசகியிருந்தால் அந்தப் பிசகு சீக்கிரமே வெளிப்பட்டுவிடும்.

நம் சித்தி ஒருத்திக்குத்தான் இந்தச் சங்கடம் என்று நினைக்காதீர்கள். 2015 நவம்பரில் ஆப்பிள் கடையின் சான்றிதழ் ஒன்றுக்கே கெடு முடிந்துவிட்டது. அவ்வளவுதான், உலகெங்கும் எத்தனையோ மேக் கம்ப்யூட்டர்களில், முதல் நாள் வரை ஓடிக்கொண்டிருந்த செயலிகள் திறக்க மறுத்தன. 'இது பழுதாகிவிட்டது, நீக்கிவிட்டு மறுபடி இறக்குங்கள்' என்றுகூடச் சிலருக்குச் செய்தி வந்தது. உண்மையில் எதுவும் பழுதாகவில்லை. ஒரு தேதி தாண்டியிருந்தது, அவ்வளவே.

கடிகாரம் ஏன் நின்றது?

லேப்டாப்பை அணைத்து வைத்தாலும் உள்ளே ஒரு சிறு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். பல கம்ப்யூட்டர்களில் அதற்கென்று காசு வடிவத்தில் தனியாக ஒரு சின்ன பாட்டரி உண்டு. கைக்கடிகாரத்தில் போடுவதைப் போலத்தான் இருக்கும். ஆனால் கொஞ்சம் பெரிது. இரண்டு வருஷம் பீரோவில் கிடந்தால் பெரிய பாட்டரியும் வற்றும். சின்ன பாட்டரியும் ஓயும். மறுபடியும் மின்சாரம் கொடுக்கும்போது, கம்ப்யூட்டர் தூங்கி எழுந்த கிழவரைப் போலத் தனக்கு ஞாபகமுள்ள ஏதோ ஒரு பழைய தேதியிலிருந்து எண்ணத் தொடங்குகிறது.

'இன்டர்நெட்டைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளாதா?' என்று கேட்பீர்கள். சாதாரணமாகத் திருத்திக்கொள்ளும். ஆனால் வருஷக்கணக்கில் பிசகியிருந்தால் சில சமயம் அதுவும் தயங்கி நின்றுவிடும். அப்போது நாம்தான் கையால் திருத்த வேண்டும்.

கடிகாரத்தின் மேல் அம்புக்குறியை வைத்து, மௌஸின் வலது பொத்தானை அழுத்தினேன். 'தேதி, நேரம் திருத்து' என்ற வரி வந்தது. அதற்குள்ளே போனால், தானாக நேரம் வைத்துக்கொள்ள ஒரு விசை இருக்கிறது. அதை ஒரு தடவை அணைத்துவிட்டுத் தேதியைக் கையால் போட்டேன். பிறகு விசையை மறுபடி போட்டு, 'இப்போது ஒத்துப்பார்' என்ற பொத்தானை அழுத்தினேன்.

நேரம் மட்டும் சரியாயிருந்தால் போதாது. ஊரும் சரியாயிருக்க வேண்டும். ஊர்ப் பட்டியலில் நமக்குரிய வரியில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி என்று நான்கு பெயர்கள் இருக்கின்றன. "மதுரை இல்லையா?" என்று சித்தி சற்று வருத்தத்தோடு கேட்டாள். இல்லைதான். மதுரைக்காரர்களும் இந்த ஒரு விஷயத்தில் சென்னைக்குக் கட்டுப்பட வேண்டியதாயிருக்கிறது!

இதுவும் புதிதல்ல. ஒரு காலத்தில் இந்தியாவின் ரயில்களெல்லாம் சென்னை வானியல் ஆராய்ச்சிக் கூடத்தின் நேரப்படிதான் ஓடின. 1906 ஜனவரி 1-ந் தேதிதான் தேசம் முழுவதற்கும் ஒரே நேரம் என்று, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னதாக வைத்தார்கள். பழைய சென்னை நேரம் அதற்குச் சுமார் 9 நிமிஷம் பின்தங்கியிருந்தது. பழைய கடிகாரத்தை நம்பி ரயிலுக்குப் போனவர் அன்றைக்குத் தண்டவாளத்தைத்தான் பார்த்திருப்பார். சித்தியின் லேப்டாப்பும் அதே கதிதான்.

உங்களுக்கு ஏழு யோசனைகள்

எல்லார் வீட்டிலும் கடிகாரம்தான் காரணமென்று சொல்ல மாட்டேன். கடை திறக்காவிட்டால் கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள். ஒன்று பலித்துவிட்டால் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

முதலாவது, லேப்டாப்பை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். அணைத்துவிட்டுப் போடுவதும் இதுவும் ஒன்றல்ல. இப்போதைய விண்டோஸ், அணைக்கும்போது பாதி தூக்கத்தில்தான் போகிறது. சீக்கிரம் எழ வேண்டுமல்லவா? 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் முழுக்கக் குளித்துவிட்டு வரும்.

இரண்டாவது, தேதி, நேரம், ஊர் மூன்றையும் பாருங்கள்.

மூன்றாவது, இன்டர்நெட். உலாவியில் வேறு பக்கங்கள் திறக்கின்றனவா? 'விபிஎன்' போன்ற ஏதாவது சுற்றுவழி போட்டிருந்தால் சற்று நேரம் நிறுத்திப் பாருங்கள்.

நான்காவது, கடை வாசலைப் பெருக்குங்கள். விண்டோஸ் பொத்தானையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு கட்டம் வரும். அதில் 'டபிள்யூ', 'எஸ்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்களையும், இடைவெளி விடாமல் 'ரீசெட்' என்ற சொல்லையும் அடித்து 'என்டர்' தட்டுங்கள். கறுப்பாக ஒரு சதுரம் தோன்றும். அரை நிமிஷம் ஒன்றும் நடக்காது. பயப்படாதீர்கள், அதை மூடாதீர்கள். அது தானே மூடிக்கொள்ளும்; கடை தானே திறக்கும். கடை தற்காலிகமாகச் சேர்த்து வைத்த குப்பைதான் போகும். உங்கள் படமோ, நீங்கள் முன்பு இறக்கிய செயலிகளோ போகா.

ஐந்தாவது, 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஆப்ஸ்' என்பதற்குள் போனால் செயலிகளின் ஜாபிதா வரும். அதில் 'மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்' என்பதைத் தேடி, 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' என்பதைத் திறவுங்கள். அங்கே 'ரிப்பேர்' என்றும் 'ரீசெட்' என்றும் இரண்டு பொத்தான்கள். முதலில் 'ரிப்பேர்', அதில் பலிக்காவிட்டால் 'ரீசெட்'. இதுவும் கடையின் சொந்தக் கணக்கு வழக்குகளைத்தான் புதுப்பிக்கும். உங்கள் படங்களைத் தொடாது.

ஆறாவது, 'விண்டோஸ் அப்டேட்' பாக்கியிருந்தால் முடியுங்கள். இங்கே ஒரு விஷயம். விண்டோஸ் 10-க்கான இலவசப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு பொதுவாக முடிந்துவிட்டது. உங்கள் லேப்டாப் விண்டோஸ் 11-ஐத் தாங்குமானால் மாற்றிக்கொள்வது நல்லது.

ஏழாவது, அந்த லேப்டாப் ஆபீஸிலோ கல்லூரியிலோ கொடுத்ததா என்று யோசியுங்கள். பல இடங்களில் கடையை வேண்டுமென்றே பூட்டி வைப்பார்கள். அதற்கு நாம் வீட்டில் தலையை உடைத்துக்கொண்டு பிரயோஜனமில்லை. கொடுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இத்தனையும் செய்தும் திறக்கவில்லையா? கடையை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடவும் வழி உண்டு. விஷயம் தெரிந்த மெக்கானிக் அதைச் செய்வார். ஒரு கதவு திறக்கவில்லை என்பதற்காக வீட்டையே இடித்துக் கட்ட வேண்டியதில்லை. அப்படியும் 'எல்லாவற்றையும் அழித்தே ஆக வேண்டும்' என்று ஒருவர் சொன்னால், முதலில் படங்களையெல்லாம் ஒரு பென் டிரைவிலும் இன்னோரிடத்திலுமாக இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு கொடுங்கள்.

பரியா, நரியா?

ஒன்று மட்டும் செய்யவே செய்யாதீர்கள். 'கடை திறக்கவில்லை' என்று இன்டர்நெட்டில் தேடி, அங்கே கண்ணில் படும் ஏதோ ஒரு டெலிபோன் நம்பருக்குப் பேசாதீர்கள்.

சித்தியின் ஊர் மாணிக்கவாசகர் அவதரித்த ஊர். குதிரை வாங்கப் போன அந்த மந்திரியின் கதை உங்களுக்குத் தெரியும். பகலில் கம்பீரமாக மதுரைக்கு வந்து சேர்ந்த பரிகள், ராத்திரியில் நரிகளாகி ஊளையிட்டன. லாயத்தில் ஏற்கெனவே இருந்த நல்ல குதிரைகளையும் கடித்துக் குதறின. அது இறைவன் திருவிளையாடல். இந்தக் காலத்து நரிகள் நடத்துவது வெறும் திருட்டு விளையாடல்.

'கம்பெனியிலிருந்து பேசுகிறோம்' என்று இனிமையாகப் பேசுவார்கள். உங்கள் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே இயக்கும் ஒரு செயலியைப் போடச் சொல்வார்கள். போட்டீர்களோ, லாயத்துக்குள் நரி நுழைந்த மாதிரிதான். பிறகு பாங்குக் கணக்கு, ஓ.டி.பி. என்று ஒவ்வொன்றாகக் குதறிவிடும். திடீரென்று திரை முழுவதும் சிவப்பாகி, 'உடனே இந்த நம்பருக்குப் பேசுங்கள்' என்று வந்தாலும் நம்பாதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் டெலிபோன் நம்பர் இருக்காது. தப்பித் தவறிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். அந்த நிமிஷமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்கச் சாத்தியம் உண்டு.

தேதி மாறியபோது

தேதியைத் திருத்துமுன் ஒரு சிறு சம்பவம் நடந்தது. நான் பொத்தானை அழுத்தப் போனபோது, சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டாயிரத்துப் பதினெட்டுன்னா காட்டுது? அந்தப் பொங்கலுக்குத்தான் உங்க சித்தப்பா இதை வாங்கிட்டு வந்தாக. இந்த ஊஞ்சல்லதான் வச்சுத் திறந்தாக" என்றாள். கொஞ்ச நேரம் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரித்தா, மாத்து. பச்சப்புள்ள காத்துக்கிட்டு இருக்கும்" என்று கையை எடுத்துக்கொண்டாள்.

மாற்றினேன். ரீஸ்டார்ட் செய்தேன். கைப்பைப் படத்தை அழுத்தினேன். வட்டம் இரண்டு சுற்றுத்தான் சுற்றிற்று, கடை திறந்துகொண்டது! வாட்ஸ்அப்பை இறக்கி, சித்தியின் செல்போனோடு இணைத்தேன். அன்று சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து அழைப்பு வந்தது. பதினைந்து அங்குலத் திரை நிறையப் பேரன் கொட்டாவி விட்டான்.

"அட! உங்க சித்தப்பா மூக்கு!" என்று சித்தி கூவினாள். மூன்று மாதமாகச் செல்போனில் பார்த்தும் அவளுக்குத் தெரியாமலிருந்த விஷயம் அது.

நான்கு நாள் கழித்து மறுபடியும் சித்தி போன் செய்தாள். "ஏத்தா, திரும்பவும் பழைய தேதிக்கே போயிருச்சு." எதிர்பார்த்ததுதான், காசு பாட்டரி ஓய்ந்துபோனதற்கு அடையாளம் அது. மேலூரில் ஒரு மெக்கானிக்கிடம், "கடிகார பாட்டரியை மட்டும் மாற்றுங்கள்" என்று குறிப்பாகச் சொல்லச் சொன்னேன். அரை மணியில் மாற்றிக் கொடுத்துவிட்டாராம். எதையும் அழிக்கவில்லை. படங்களுக்கு இரண்டு நகலும் எடுத்தாகிவிட்டது. ஒன்று சித்தியின் பீரோவில், இன்னொன்று என்னிடம்.

இப்போது சித்தி தினமும் காலையில் விளக்கேற்றியதும் லேப்டாப்பைத் திறந்து முதலில் தேதியைப் பார்க்கிறாள். நாட்காட்டியில் தாள் கிழித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சரி பார்த்துக்கொண்ட பிறகுதான் பேரனைக் கூப்பிடுகிறாள்.

உங்கள் வீட்டு லேப்டாப்பில் இன்று என்ன தேதி? ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்களேன்!